வெயில் செய்த வேலை

"எத்தனை மணின்னு எனக்குச் சரியா ஞாபகம் இல்லம்மா. பத்து, பத்தரை இருக்கும். குளிச்சிட்டு இருந்தேன். புகை வாடை வந்துச்சு. ஓடி வந்து பார்த்தா திரை எரியுது" என்றார் அப்பா.

மகள் சின்ன அறையின் ஜன்னலில் பாதி கருகித் தொங்கிய திரையைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் கரி ஒட்டியது.

"அப்ப அம்மா எங்க இருந்தாங்க?"

"அவ ஹால்ல துணி மடிச்சிட்டு இருந்தா."

"அப்பா, போன மாசம்தான் கேஸைத் திறந்துவிட்டுட்டு மறந்துட்டாங்க. இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆனா முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்னு நீங்களும்தானே ஒத்துக்கிட்டீங்க? அங்க இடம் சொல்லி வெச்சிருக்கேன்."

"ஒத்துக்கிட்டேன். ஆனா இது அவ பண்ணல." மேஜையிலிருந்த வட்டக் கண்ணாடியை எடுத்து நீட்டினார். "இது பண்ணுச்சு. என் ஷேவிங் கண்ணாடி. முகத்தைப் பெரிசாக் காட்டுமே, நடுவுல குழிஞ்சிருக்கும். இங்கயே வெச்சுட்டுக் குளிக்கப் போயிட்டேன். ஜன்னல் வழியா வெயில் வந்து இதுல பட்டு, திரையில ஒரே இடத்துல குவிஞ்சிருக்கு. நீதானே ஸ்கூல்ல இதைப் பாடமா நடத்துற, உனக்குத் தெரியாததா?"

மகள் கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். ஜன்னலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அப்பா தோளில் கிடந்த துண்டின் நுனியை முறுக்கியபடி நின்றார்.

கதவோரம் அம்மாவின் தலை தெரிந்தது. "வாங்க டீச்சர், எப்ப வந்தீங்க?"

மகள் என்பது போய், டீச்சர் என்பது மட்டும் அம்மாவின் நினைவில் தங்கியிருந்தது.

"இவருக்கு ஒழுங்கா ஷேவ் பண்ணத் தெரியாது டீச்சர். இத்தனை நாளா முகத்தை வெட்டிக்கிட்டாரு. இப்ப வீட்டையே கொளுத்தப் பார்த்திருக்காரு."

"சும்மா இருடி" என்றார் அப்பா. குரலில் அதட்டல் சேரவில்லை.

"மாடிக்கு வாங்கப்பா" என்றாள் மகள். "செஞ்சே பார்த்துடலாம்."

மொட்டைமாடியில் கால் வைக்க முடியாத சூடு. மகள் கண்ணாடியைச் சூரியனுக்கு நேராகச் சாய்த்து வைத்து, செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்து அதன் முன்னால் பிடித்தாள். முன்னும் பின்னும் மெல்ல நகர்த்தினாள். காகிதத்தில் விழுந்த ஒளி வட்டம் சுருங்கிச் சுருங்கிப் பொட்டாக நின்றது. பொட்டு பழுப்பானது. புகைந்தது. சட்டென்று ஓட்டை விழுந்து விளிம்பில் நெருப்பு ஓடியது.

"அட, நிஜமாவே பத்திக்கிச்சே!" என்றவர், உடனே, "நான்தான் சொன்னேன்ல?" என்றார்.

மகள் காகிதத்தைக் கீழே போட்டு, செருப்புக் காலால் மிதித்து அணைத்தாள். அதை மிதித்து முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது.

"ஆமாப்பா. கண்ணாடிதான். இனிமே மூடி வைங்க."

அங்கேயே நின்று இல்லத்துக்குப் போன் செய்து, இடம் வேண்டாம் என்று சொன்னாள்.

அடுத்த மாதமே வேலையை மாற்றிக்கொண்டு பெற்றோரோடு குடிவந்தாள். தீப்பெட்டிகள் அவள் பீரோவுக்குள் போயின. அம்மா சில வருடங்கள் கழித்து, டீச்சரின் மடியில் தலை வைத்தபடி இறந்தாள். பின்னாலேயே அப்பாவும் போனார். பொய் சொல்லி மகளை நம்பவைத்துவிட்டோமே என்கிற உறுத்தல் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

இருந்திருக்க வேண்டியதில்லை. அந்த ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அங்கே ஒருநாளும் வெயில் விழுந்ததில்லை. பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு அந்த அறையில் படித்துத்தான் அவள் டீச்சரானாள்.