இரண்டாம் பக்கம்

விவசாயிகள் சங்கத்துக்கு விதைப் பதிவு இணையதளத்தை ஜாவாவில் எழுதியவள் குந்தவை. முதல் பக்கத்தில் சங்க உறுப்பினர் சாவித்திரியின் பெயரை அழுத்தினால், இரண்டாம் பக்கத்தில் அவள் கணவர் துரைக்கண்ணு வந்தார். அவர் தை மாதமே இறந்துவிட்டார். பதிவையும் நீக்கியாயிற்று.

முழுப் பதிவையும் பக்கத்துக்குப் பக்கம் அனுப்புவதால் பழைய நகல் தங்கிவிடுகிறது என்று குந்தவை நினைத்தாள். உறுப்பினர் எண்ணை மட்டும் அனுப்பி, விவரத்தை டேட்டாபேஸிலிருந்து புதிதாக எடுக்கும்படி மாற்றினாள். மறுபடியும் துரைக்கண்ணுதான் வந்தார். இந்த முறை, யாரும் நிரப்பாத விதைக் கட்டத்தில் சி.ஆர். 1009 நெல் என்று இருந்தது.

விதை பதிய வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாவித்திரி எட்டிப் பார்த்தாள்.

"எந்த வெதை போடறதுன்னு நேத்து அவரு படத்துக்கிட்ட கேட்டுக்கிட்டிருந்தேம்மா."

குந்தவை மவுஸை அவள் பக்கம் நகர்த்தினாள். "சேமிங்கிறத நீங்களே அழுத்துங்கக்கா."

மூன்றாம் பக்கத்தில் அதே விதை இருந்தது. மேலே சாவித்திரியின் பெயர் இருந்தது.