கடைசியில் ஓடும் பெயர்

"மாப்பிள்ளைக்கு நாற்காலி போடு ராசம்மா. டிவிக்கு நேரா போடு" என்றார் பழனியாண்டி.

ராசம்மா அசையவில்லை. மகள் தமிழரசி தொட்டிலில் கிடந்தபோது, மெயின்லேண்டில் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்று அந்தமானிலிருந்து கப்பல் ஏறிய புருஷன் முத்துராஜ், சென்னையில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். பதினான்கு வருடமாக ஒரு போன்கூடக் கிடையாது. இப்போது தன் அக்கா வசந்தகுமாரியோடு வாசலில் நிற்கிறான், கையில் ஸ்வீட் பாக்ஸோடு. ஆள் அனுப்பி வரச் சொன்னதே தன் அப்பா பழனியாண்டிதான் என்பதை ராசம்மாவால் தாங்க முடியவில்லை.

பழனியாண்டியே நாற்காலியைத் தூக்கிப் போட்டார். அவருக்கு முறை என்றால் முறை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ராசம்மா அழுது மறுத்தும் பேத்தியின் பெயருக்கு முன்னால் 'மு' போட வைத்தவர். "அப்பன் இனிஷியல் இல்லாத பிள்ளை நம்ம குடும்பத்துல கிடையாது" என்று அன்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

போன வருடம் ஆஸ்திரேலியாக்காரர்கள் ஹேவ்லாக் தீவில் பிள்ளைகளுக்கான சீரியல் எடுத்தார்கள். படகுக்காரர் மகளாக நடித்தது தமிழரசி. அவள் நடித்த பாகம் இன்றுதான் டிவியில் வருகிறது.

"எங்க லம்பா லைன் ஏரியா பூரா டிவி முன்னால உக்காந்திருக்கு மாமா. எங்க வீட்டுப் பொண்ணு வாரான்னு வீடு வீடா சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றாள் வசந்தகுமாரி. "அந்த மூக்கைப் பாருங்க. அப்படியே என் தம்பி மூக்கு."

"மூக்கு குடுத்தாரு. சளி பிடிச்சப்ப தொடைக்கத்தான் ஆளைக் காணோம்" என்றாள் ராசம்மா.

பழனியாண்டி குரலை உயர்த்தவில்லை. "வந்தவங்களுக்கு டீ போடு."

முத்துராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டான். "பழசை விடுங்க மாமா. அவங்க ஊர்ல இனிஷியல் கிடையாதாமே. அப்பா பேரை முழுசா பின்னால போடுவாங்களாம். தமிழரசி முத்துராஜ். கேக்க நல்லாத்தான் இருக்கு."

"பேரு விஷயம் அவங்ககிட்ட யாரு பேசினது?" என்று கேட்டாள் வசந்தகுமாரி.

"நான்தான். டைரக்டர் அம்மா என்னைத்தான் கேட்டாங்க. முறைப்படி சொல்லிட்டேன்" என்றார் பழனியாண்டி.

"கேட்டியா தம்பி? பெரியவரு பெரியவருதான்."

அடுப்படியில் ராசம்மா பால் பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். பஜார் கடையில் கால் கடுக்க நின்று பில் போட்டு வளர்த்த பிள்ளை. அது யார் பெயரைச் சுமந்துகொண்டு உலகத்துக்கு முன்னால் போகப் போகிறது என்று நினைத்ததும், தேயிலைத் தூள் கைதவறிக் கொட்டியது.

டீ வந்தது. சீரியலும் தொடங்கியது.

புயலில் ஒரு படகு. அதில் நடுங்கிக்கொண்டு இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள். "அரே, பைட் ஜாவ்" என்று அவர்களை அதட்டி உட்கார வைத்துவிட்டு, அலையைக் கிழித்துப் படகைக் கரை சேர்த்தாள் திரையில் இருந்த தமிழரசி. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த பக்கத்து வீட்டுப் பெங்காலிக்காரர் விசில் அடித்தார். வீட்டில் இருந்த தமிழரசி துப்பட்டாவில் முகத்தை மூடிக்கொண்டாள்.

கதை முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. முத்துராஜ் போட்டோ எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தான். வசந்தகுமாரி லம்பா லைனுக்கு வீடியோ கால் போட்டாள். "எல்லாரும் பாருங்க. இப்ப வரும், எங்க தம்பி பேரு இப்ப வரும்."

ராசம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

துப்பட்டாவை விலக்கித் திரையைப் பார்த்த தமிழரசி ஒரு நொடி தயங்கினாள். பிறகு எழுந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தாள்.

"தமிழரசி ராசம்மா."

வசந்தகுமாரியின் போனிலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் வந்தது. அவள் அவசரமாக அதை அணைத்தாள். ராசம்மா மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

பழனியாண்டி விறைப்பாக, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

"குடும்பப் பேரு என்னன்னு கேட்டாங்க. இந்தக் குடும்பத்தை நடத்தினது யாரோ, அவ பேரைச் சொன்னேன்" என்றார். "நீங்க நல்லா பாக்கணும்னுதான் மாப்பிள்ளை, நாற்காலியை நேரா போட்டேன்."