வெளியே போகாத மின்சாரம்

மருத்துவமனைக் கூரையில் இருந்த சோலார் பேனலுக்கு உச்சிவெயில் வந்தால் கை நிறைய மின்சாரம். தெருமுனையில் நின்ற பழைய டிரான்ஸ்ஃபார்மரோ ஊர்ச் சுமை தாங்காமல் கொதித்துக்கொண்டிருந்தது.

"மிச்சம் இருந்தா இந்தப் பக்கம் அனுப்பு தம்பி. கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன்" என்றது டிரான்ஸ்ஃபார்மர்.

பேனல் உடனே அனுப்பப் பார்த்தது. வாசலில் இருந்த மீட்டர் மறித்தது.

"மின்சாரத்தை உள்ளே விடத்தான் எனக்கு உத்தரவு. வெளியே விட விதியில் இடமில்லை."

"அண்ணன் எரிஞ்சு போயிடுவார் சார்."

"மனு கொடு."

பேனல் மனு கொடுத்தது. அதைப் பரிசீலிக்க ஒரு குழு அமைத்தார்கள். குழு இரண்டு கோடைகள் கூடிக் கூடிக் கலைந்தது. மதியம்தோறும் தன் மின்சாரம் வீணாவதைப் பார்த்துக்கொண்டே, தெருமுனை முனகலைக் கேட்டுக் கிடந்தது பேனல்.

மூன்றாம் கோடையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. கருகிய உடம்பைப் பழைய இரும்போடு ஏற்றிப் போனார்கள். ஒரு நாளும் விதி மீறாத மீட்டருக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது.

அடுத்த வாரம் விதி திருத்தப்பட்டது. மீட்டர் வாசித்துக் காட்டியது: "மின்சாரத்தை வெளியே அனுப்பலாம். ஆனால் மனுவில் சொன்ன டிரான்ஸ்ஃபார்மர் நேரில் வந்து சம்மதம் தர வேண்டும்."

"அவர்தான் போய்ட்டாரே சார்" என்றது பேனல்.

"அப்படியானால் புது மனு கொடு" என்றது மீட்டர்.