மாடுகளுக்கு அடுத்த வரி

“கதவைச் சாத்திவிடும், பிள்ளை. வெளியில ஆக்கள் கேட்கக் கூடாத கதை,” என்றார் கிறிஸ்துநாயகம். றூபினி எழுந்து, ரெய்னர்ஸ் லேனில் உள்ள தன் வீட்டின் முன்னறைக் கதவைச் சாத்தினாள். வைத்த தேநீரை அவர் தொடவே இல்லை.

லண்டன் தமிழர்களுக்கு வம்ச வரலாறு தேடிக் கொடுப்பது றூபினியின் தொழில். யாழ்ப்பாணத்து நிலக்காரர் ஒருவரின் இருநூறு ஆண்டுப் பழைமையான சொத்துப் பதிவேட்டின் படிகள் மேசைமேல் இருந்தன. அதில் முதலில் பனைகள், பிறகு மாடுகள், மாடுகளுக்கு அடுத்த வரியில் அடிமைகள்.

கிறிஸ்துநாயகம் தேடச் சொன்னது ஒரேயொரு குடும்பத்தைத்தான். அவருடைய மகள் ஜெனோஜா மணக்க இருக்கும் றொமேஷின் குடும்பம் அது.

“அப்பா சாதி விசாரிக்கிறார், அக்கா. அவையின்ர பேர் அதில இருந்தால் எல்லாம் முடிஞ்சுது,” என்று ஜெனோஜா காலையில்தான் தொலைபேசியில் அழுதிருந்தாள்.

“முதலில பேரெல்லாத்தையும் வாசியும்,” என்றார் அவர்.

“எல்லாத்தையுமோ, அங்கிள்?”

“ஓம். ஒருத்தரையும் விடவேண்டாம்.”

றூபினி அடிமைகளின் பெயர்களை வாசித்தாள். கந்தன். சின்னி. வேலாத்தை. பூதன். பூதன் மகள் வல்லி. திருப்பலியில் இறந்தோரின் பெயர்களைக் கேட்பவரைப்போல, அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து இருந்தார்.

வல்லிதான் றொமேஷின் மூதாதை. பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஸ்ட்ரெதமில் வசிக்கும் றொமேஷின் தகப்பன்வரை றூபினி வந்து சேர்ந்திருந்தாள். அந்த வம்சவழித் தாளை மட்டும் அவள் மேசைக்குக் கொண்டுவரவில்லை.

“பொடியனில ஒரு பிழையும் இல்லை,” என்றார் அவர். “வீட்டுக்கு வந்தால் நேரே குசினிக்குள்ள போய்க் கோப்பை கழுவுறான். என்ர மகள் பிறந்த நாளில இருந்து அந்தப் பக்கம் போனதில்லை.”

“பிறகென்ன, அங்கிள்? கட்டிவையுங்கோவன்.”

“ஆரெண்டு தெரியாமல் எப்பிடிப் பிள்ளை?” அவருடைய குரல் தாழ்ந்தது. “சுத்தி வளைக்காமல் சொல்லும். அவையின்ர ஆக்கள் இதில இருக்கினமோ, இல்லையோ?”

றூபினி பட்டியலில் வல்லியின் பெயரைப் பார்த்தாள். யாரும் நினைத்துப் பார்க்காத அந்தப் பெயர்களை மீட்பதற்காகவே இத்தொழிலுக்கு வந்தவள், வல்லியைத் தன் கையாலேயே அழிப்பதா? ஆனால், ஜெனோஜாவின் அழுகை இன்னும் காதைவிட்டு அகலவில்லை.

“இல்லை, அங்கிள். சல்லடை போட்டுத் தேடிப்போட்டன். அந்தக் குடும்பத்தில ஒருத்தரும் இதில இல்லை.”

அவர் முகம் மலரும் என்று அவள் எதிர்பார்த்தாள். அதுவோ பேயறைந்ததுபோல வெளுத்துப்போயிற்று. அவர் கைபேசியை எடுத்து மனைவியை அழைத்தார்.

“எமில்டா, மண்டபத்தை வேண்டாமெண்டு சொல்லும். இந்தக் கலியாணம் நடக்காது.”

“ஏன், அங்கிள்?” றூபினி பதறிப்போனாள். “இல்லையெண்டுதானே சொன்னனான்!”

அவர் பெயர்ப் பட்டியலைத் தம் பக்கமாக மெதுவாக இழுத்துக்கொண்டார்.

“அவை வேற ஆக்களெண்டால் நாளைக்கு எங்களை ஆரெண்டு கேட்பினம். இதில இருக்கிறது எங்கட ஆக்கள், பிள்ளை.”