எட்டு மணி நேரம் பன்னிரண்டு நிமிஷம்

"எட்டு மணி நேரம் பன்னிரண்டு நிமிஷம்! குழந்தை மாதிரி தூங்கறார்டி எங்கப்பா!"

விடியற்காலை ஐந்து மணிக்கு செல்போனை மனைவி ஷ்ரேயாவின் மூக்கு வரைக்கும் நீட்டினான் ஜெயராம். மயிலாப்பூரில் தனியாக இருக்கும் அப்பா ராஜகோபாலனின் மூச்சு மெஷின், ராத்திரி அதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று தினமும் விடியற்காலையில் பெருங்குடியில் இருக்கும் மகனுக்குச் செய்தி அனுப்பிவிடும்.

தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டர் சொன்ன அன்றே ஜெயராம் கடை கடையாக அலைந்தான். ஆசையாக மெஷின் வாங்கிக் கொடுத்தால், மனுஷர் அதைத் தொடவே இல்லை.

"தூக்கமே வரலைடா! கொட்டக் கொட்ட முழிச்சிண்டு, மூஞ்சியில குழாயை மாட்டிண்டு, ஃபேனைப் பாத்துண்டு கிடக்கச் சொல்றியா?"

"அதெல்லாம் தெரியாது. ஒரு மாசம், ஒரு நாள் விடாம, குறைஞ்சது நாலு மணி நேரம் ஓடணும். இல்லேன்னா வீட்டைப் பூட்டிண்டு எங்களோட பெருங்குடிக்கு வந்துடணும்."

ராஜகோபாலன் வெலவெலத்துப் போனார். ஒரு நாள் கோயில் குளத்தைச் சுற்றி வராவிட்டால் சாப்பாடு இறங்காத மனுஷர் அவர். மறுநாளிலிருந்தே மெஷின் மணிக்கணக்காக ஓட ஆரம்பித்தது.

இன்றோடு மாசம் முடிகிறது. அப்பா கண் விழிக்கும்போது எதிரில் போய் நிற்கவேண்டும் என்று, அரை கிலோ மைசூர்பாகோடு ஜெயராம் காரைக் கிளப்பினான்.

மயிலாப்பூர் போய்ச் சேர்ந்தபோது மார்கழி இருட்டு இன்னும் விலகவில்லை. வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து மங்கி குல்லாவும் மூக்கு வரை மஃப்ளருமாக ஓர் உருவம் விறைப்பாக எழுந்து வந்து கேட்டைத் திறந்தது.

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த கீழ் வீட்டு ஸ்ரீலக்ஷ்மி மாமி நிமிர்ந்தாள். "ஜெயராம், இந்த டில்லிபாபுவைக் கொஞ்சம் கண்டிச்சு வைப்பா. முன்னெல்லாம் பத்து மணிக்கே குறட்டை விட்டுண்டிருப்பான். இந்த ஒரு மாசமா மணிக்கொரு தரம் விசில் ஊதி எங்க பிராணனை வாங்கறான்!"

"நல்லதுதானே மாமி!" ஜெயராம் ரெண்டு மைசூர்பாகை எடுத்து நீட்டினான். "இந்தா டில்லி, சாப்பிடு. நீ இப்படி முழிச்சிண்டிருந்தாதான் எங்கப்பா நிம்மதியா தூங்க முடியும்."

டில்லி வாய் ஓயாதவன். இன்றைக்கு என்னவோ ஒரு சல்யூட்டோடு சரி.

மாடிக்குப் போய், தன்னிடமிருந்த சாவியால் சத்தமில்லாமல் கதவைத் திறந்தான் ஜெயராம். படுக்கையறையில் மெஷின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. இழுத்துப் போர்த்திய போர்வை, அதற்குள் போகும் குழாய், சீராக ஏறி இறங்கும் மார்பு.

ஜெயராம் கட்டிலருகில் போய் நின்றான். பெற்ற தகப்பனை மிரட்டினோமே என்று இத்தனை நாள் உறுத்திக்கொண்டிருந்தது அந்த நிமிஷமே போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லப் பாதத்தைத் தொட்டான்.

போர்வைக்குள் மாஸ்க் கழன்றது. தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் எரிந்து விழுந்தது.

"இன்னா சார், கேட்டை அப்டியே வுட்டுட்டு மேல வந்துட்டீங்க?"