ஆறாவது கடையின் சட்டம்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை. ஒரே நாளில் பன்னிரண்டு மதுக்கடை ஏறி இறங்கும் கிறிஸ்துமஸ் 'விரதம்' எடுத்த டப்ளின்காரர்கள் பன்னிரண்டு பேர், கலைமான் படம் போட்ட ஸ்வெட்டர்களோடு மத்தியானமே என் கடைக்குள் நுழைந்தார்கள்.

"அக்கா, கடைக்கு ஒரு சட்டம். இது ஆறாவது கடை. இங்க யாரும் வாயத் திறக்கக் கூடாது. பேசினவன் அபராதமா ஒரே மூச்சுல ஒரு பீர் அடிக்கணும்," என்றான் தலைவன் லோர்கன்.

"குடிக்க மட்டும் திறக்கலாமா, தொரை?"

லோர்கன் உதட்டில் விரலை வைத்தான். சட்டம் அமலுக்கு வந்துவிட்டது.

அவர்களில் கடலை கொறித்துக்கொண்டிருந்த டோனல் திடீரென்று தொண்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டினான். கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

"நல்லா நடிக்குது கழுத," என்றேன்.

லோர்கன் கோப்பைக்கு அடியில் வைக்கும் பீர் அட்டையில் கிறுக்கி நீட்டினான்: 'நடிப்பு இல்ல. மூச்சு அடைக்குது.'

பாய்ந்துபோய், டோனலைப் பின்னாலிருந்து கட்டி வயிற்றை ஓங்கி அமுக்கினேன். கடலை தெறித்தது.

"தேங்க்ஸ்க்கா..." என்றான், கண்ணீரோடு.

பதினொரு விரல்கள் அவனை நோக்கி நீண்டன. லோர்கன் இன்னொரு அட்டையை என்னிடம் தள்ளினான்:

'பேசிட்டான். ஒரு பீர்.'