அரெஸ்ட் இல்லை

ஸ்டேஷனின் பின்னறையில் சகாயராஜை உட்கார வைத்திருந்தார்கள். விலங்கு இல்லை, பூட்டு இல்லை, கதவுகூட விரியத் திறந்துதான் கிடந்தது. அவன் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான்.

"என்னை அரெஸ்ட் பண்ணிருங்க சார்."

வாசலை மறித்து நின்ற ஏட்டு சிரித்துவிட்டார். "மாப்பிள்ளைக்கு என்ன அவசரம்? இது சும்மா டிடென்ஷன்டா. அரெஸ்ட்னா வீட்டுக்குச் சொல்லணும், ஜட்ஜ் முன்னால நிறுத்தணும். உன்னைப் பத்தி நாங்க யாருக்குச் சொல்லணும்?"

போன வாரம் இதே அறையில் சும்மா உட்கார வைக்கப்பட்டவன் எங்கே போனான் என்று இன்றுவரை ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அப்போது முன்பக்கம் சகாயராஜின் மனைவி எமல்டாவின் குரல் கேட்டது. "சார், எங்க வீட்டுக்காரர் சகாயராஜை அரெஸ்ட் பண்ணிட்டீங்கன்னு சொல்றாங்களே."

"அரெஸ்டா? அந்தப் பேர்ல யாரையும் பண்ணலையேம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

சகாயராஜ் கத்த வாயைத் திறந்தான். ஏட்டு லத்தியின் நுனியை அவன் தொண்டைக்குழியில் மெதுவாக வைத்து அழுத்தினார்.

"மாதாவே! இப்பத்தான் சார் உசிரே வந்துச்சு," என்றாள் எமல்டா. "நீங்க நல்லா இருக்கணும்."

அவள் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. கொல்லைப்பக்கம் யாரோ ஜீப்பை ஸ்டார்ட் செய்தார்கள்.